கோப்புக்கு உரிமையாளர் யார்?



பணியிட மாற்றம் கிடைத்த ஆசிரியர், அலமாரிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்கிறார். கணினியில் அவர் பெயரில் உள்ள கோப்புகளை யாரிடம் ஒப்படைப்பது?

ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய முதியோரின் நினைவுகளை எங்கள் மாணவர்கள் கேட்டு எழுதி, பள்ளியின் லினக்ஸ் கணினியில் சேர்த்து வைத்தனர். பொறுப்பாசிரியர் மாற்றலாகிச் சென்றார். அடுத்து வந்தவரால் அவற்றைப் படிக்க முடிந்தது. ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்திச் சேமிக்க முடியவில்லை. பழைய பயனர் கணக்கை நீக்கிவிடலாம் என்றார் ஒருவர். கணக்கோடு கோப்புறையும் அழிந்துபோகக்கூடும். சொன்ன முதியோருள் சிலர் இன்று உயிருடன் இல்லை.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. உரிமையாளரை மாற்றும் கட்டளை 'சௌன்'. 'சேஞ்ச் ஓனர்' என்பதன் சுருக்கம். கட்டளையை அடுத்துப் புதிய உரிமையாளர் பெயர், முக்காற்புள்ளி, குழுவின் பெயர், இறுதியில் கோப்புறையின் முகவரி என எழுத வேண்டும். உள்ளே இருப்பவை அனைத்தும் மாற, 'ஆர்' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒரு சிறுகோட்டுடன், கட்டளையை அடுத்து இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும்.

தம் கோப்பையே ஆனாலும் சாதாரணப் பயனர் பிறர் பெயருக்கு மாற்ற இயலாது. இயலுமானால், ஒருவர் தமக்குரிய சேமிப்பு அளவை மீறிப் பிறர் கணக்கில் சுமையேற்றலாம். எனவே, நிருவாகி உரிமை தரும் 'சூடோ' என்னும் சொல் கட்டளைக்கு முன் வர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. முகவரியில் வெறும் சாய்கோடு மட்டும் இருந்தால், கணினியின் இயக்கக் கோப்புகள் அனைத்தும் கைமாறி, கணினியே முடங்கக்கூடும். முந்தைய உரிமையாளர் யார் என்பதை இக்கட்டளை குறித்து வைப்பதில்லை. திரும்பப் பெறும் வழியும் அதில் இல்லை. ஆகவே, முதலில் நகல் எடுத்து வையுங்கள். முகவரியை இருமுறை படியுங்கள்.

எங்கள் கோப்புகள் அவ்வாறே கைமாறின. ஆயினும், தனியொருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றினால், அடுத்த மாற்றலின்போது அதே சிக்கல் எழும். ஆசிரியர் குழு ஒன்றை உருவாக்கி, கோப்புகளை அக்குழுவுக்கு உரியவையாக்கி, எழுதும் அனுமதியையும் அளித்தோம். 'சேஞ்ச் மோட்' என்பதன் சுருக்கமான கட்டளை அதற்கு உதவுகிறது.

ஆசிரியர்கள் வருவார்கள், போவார்கள். பிள்ளைகள் தேடிச் சேர்த்தவை பள்ளியின் பெயரிலேயே இருக்கட்டும்.