கடலுக்கும் ஒரு காலண்டர் இருக்கு!

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குக் கடல் ரொம்ப தூரமும் இல்லை, பக்கமும் இல்லை. அரியலூரில் விடியற்காலை கிளம்பினால் ஜெயங்கொண்டம், அணைக்கரை, மயிலாடுதுறை வழியாகக் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தரங்கம்பாடி. தஞ்சாவூர் வழியாகப் போனால் மதியத்துக்குள் வேளாங்கண்ணி. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கடலையே பார்க்காத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் மாமியாரும் அப்படித்தான் இருந்தார். அப்போது அவருக்கு வயது 74.

இத்தனைக்கும் கடல் எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்பு இந்தப் பகுதியே கடலுக்கு அடியில்தான் கிடந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கத்து ஓடைகளில் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் படுத்திருக்கிறது. அரியலூரை ஒட்டிய வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. எங்கள் ஊர் சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லே, கடல் விட்டுவிட்டுப் போன சொத்துதான்.

பள்ளிக்கூடத்தில் வாரணவாசிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். வந்ததும் வராததுமாக என் பையன், "அப்பாயி, நம்ம ஊரு ஒரு காலத்துல கடலா இருந்துச்சாம்" என்றான்.

"அப்படியா சாமி... அப்பவே பொறந்திருந்தா நானும் கடலப் பாத்திருப்பேனே" என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தோம். ஆனால், அன்றைக்கு ராத்திரி என் கணவர், "இந்த வருஷம் அம்மாவ எப்படியாவது கடலுக்குக் கூட்டிட்டுப் போயிடணும்" என்றார். போவதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. எப்போது போவது என்பதில்தான் குடும்பமே இரண்டாகப் பிரிந்தது.

"டிசம்பர்ல போவோம் அண்ணி!"

கொழுந்தனார் துபாயில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். அந்த முறை டிசம்பர் 20-க்கு மேல் லீவு கிடைத்திருந்தது. பிள்ளைகளுக்கும் அரையாண்டு விடுமுறை. அத்தைக்கோ இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தம்பி மளமளவென்று லாட்ஜ் விவரங்களை அனுப்பினார். "மூணு நாள் அண்ணி. இப்பவே பணம் கட்டிட்டா வாடகை கம்மி. ஆனா கேன்சல் பண்ணா பணம் திரும்பாது."

எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்தியது. டிசம்பர் கடைசி வாரம் என்றாலே எனக்கு ஞாபகம் வருகிற சில தேதிகள் உண்டு. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவில். பாம்பனிலிருந்து வந்த ரயிலோடு பயணிகளைக் கடல் கொண்டுபோனது. 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது 2011 டிசம்பர் 30-ல். கடலூர் மாவட்டத்துப் பலா, முந்திரித் தோப்புகள் ஒரே காலையில் சாய்ந்தன. இரண்டுமே அரையாண்டு விடுமுறை சமயம். 2004 டிசம்பர் 26-ன் சுனாமிக்கும் பருவத்துக்கும் சம்பந்தமில்லை, அது பூகம்பத்தால் வந்தது. அதனால், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"நாம என்ன படகுலயா போகப்போறோம்? மழை வந்தா ரூமுக்குள்ள உக்காந்துக்கலாம்" என்றார் என் கணவர். நம்மில் நிறைய பேர் நினைப்பது இதுதான். ஆனால், புயல் கடலோடு நின்றுவிடுவதில்லை. 2018 நவம்பர் 16-ல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய 'கஜா', டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டே திண்டுக்கல் வரை போனது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அதற்குப் பிறகுதான் விழுப்புரம் மாவட்டத்தில் வெள்ளம் வந்தது. விக்கிரவாண்டி பக்கம் ரயில் பாலத்தைத் தொடுகிற அளவுக்குத் தண்ணீர் போக, சென்னையிலிருந்து எங்கள் அரியலூர் வழியாக ஓடுகிற ரயில்களே தடுமாறிப்போயின.

இந்தப் பருவத்தின் மழை எங்கள் வாசலிலேயே உயிர் வாங்கியதும் உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான் ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சாதாரண நாளில் செருப்பு நனையாமல் தாண்டக்கூடிய ஆறுதான் மருதையாறு.

கடல் எப்போது சும்மா இருக்கும்?

வங்கக்கடலுக்குப் புயல் சீசன் வருஷத்துக்கு இரண்டு. ஒன்று, ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை. இன்னொன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கோடைப் புயல்கள் பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா, வங்கதேசம் என்று வடக்கே போய்விடும். 2019-ல் 'ஃபானி' ஒடிசாவுக்கும், 2020-ல் 'ஆம்பன்' மேற்கு வங்கத்துக்கும் போனது போல. தமிழ்நாட்டைக் குறிவைப்பவை இரண்டாவது சீசனில் வருபவைதான். அதிலும் நவம்பர்தான் உச்சம்.

இடைப்பட்ட ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும். தரைக்குப் பக்கத்தில் ஒரு திசையில் காற்று, மேலே உயரத்தில் எதிர்த்திசையில் காற்று. இந்த இழுபறியில் புயல் நிமிர்ந்து எழவே முடியாது. தாழ்வு மண்டலம் உருவானாலும் பெரும்பாலும் வடக்கே ஒடிசா பக்கம் போய்விடும். நம் கரையில் அந்த மாதங்களில் சாயங்காலம் இடி மின்னலோடு மழை வரலாம். காலை நேரம் பெரும்பாலும் வெளிச்சமாகவே இருக்கும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடிகிறது. எங்கள் மாவட்டங்களிலிருந்தும் காவி உடுத்தி நடந்தே போகிறவர்கள் உண்டு. அவர்கள் நடக்கிற மாதம் கடலும் ஒத்துழைக்கிற மாதம்.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஆக, பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் பொருந்துகிற இடைவெளி, செப்டம்பர் கடைசியில் வருகிற காலாண்டு விடுமுறை. அதை விட்டால் மழை விடைபெற்ற பிறகு பொங்கல். ஆனால், காணும் பொங்கலன்று கடற்கரையில் மணலைவிட மனிதத் தலைகள் அதிகம்!

தீர்ப்பு சொன்னது அத்தை

இதையெல்லாம் நான் எடுத்துச் சொல்லியும் முடிவு எட்டவில்லை. தம்பியின் வருத்தம் நியாயமானது. "நான் வர்றதுக்குள்ள நீங்கல்லாம் போயிட்டு வந்துட்டா, அம்மா மொதமொத கடலப் பாக்குறத நான் எப்ப அண்ணி பாக்குறது?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி கூடிக்கொண்டே போனது. அடுத்த வருஷம் என்று தள்ளிப்போடவும் யாருக்கும் மனமில்லை.

கடைசியில் அத்தையே முடித்துவைத்தார். "ஐப்பசி, கார்த்திகையில பேஞ்சாத்தான் நமக்கு மக்காச்சோளம். மார்கழிக்குள்ள கதிர் முத்திடும். அந்த நேரத்துல காட்ட விட்டுட்டு எங்கன வர்றது? பொரட்டாசியிலயே போயிட்டு வந்துருவோம்."

அவர் சொன்னபோதுதான் விஷயத்தின் மறுபக்கம் எனக்கு உறைத்தது. டி.வி-யில் 'வங்கக்கடலில் தாழ்வு மண்டலம்' என்று சொன்னால் சுற்றுலா போகிறவர்களுக்கு எரிச்சல். மீனவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். எங்கள் மானாவாரி விவசாயிகளோ வானத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவார்கள். தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்க வேண்டிய மழை சராசரியாக 44 செ.மீ, வருஷ மழையில் ஏறக்குறைய பாதி. நம் பயணத்தைக் கெடுக்கிற அதே தாழ்வு மண்டலம்தான் கரைவெட்டி ஏரியை நிரப்புகிறது. பெரம்பலூர் சோளக்காட்டையும் பருத்திக்காட்டையும் காப்பாற்றுகிறது. அது வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ள எங்களால் முடியாது. அது வருகிற வழியில் நாம் போய் நிற்காமல் இருக்கலாம்.

காலாண்டு விடுமுறையில் தரங்கம்பாடி போனோம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்ற பிறகும் நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில் எல்லாவற்றையும் தாண்டி அத்தை நேராகத் தண்ணீருக்குத்தான் நடந்தார். முதலில் கும்பிட்டார். ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். நாக்கில் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இம்புட்டுத் தண்ணி... ஒரு செடிக்கு ஊத்த முடியாதே!"

தம்பிக்கு வீடியோ கால் போட்டோம். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அத்தையின் காலை அலை நனைப்பதை அவர் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சேல நனையுது, அம்மாவப் புடிச்சுக்குங்க அண்ணி" என்றார்.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "நல்ல நாள்ல வந்திருக்கீங்கம்மா. வாடக்காத்து திரும்பிடுச்சுன்னா நாங்களே இத நம்ப மாட்டோம்" என்றார்.

அந்த டிசம்பரில் நடந்தது

டிசம்பரில் தம்பி வந்தார். புயல் வந்ததா? வரவில்லை. பளிச்சென்று வெயில் அடித்தது. "பாத்தீங்களா அண்ணி, மேகமே இல்ல!" என்றார்.

"பாத்தேன் தம்பி. அப்போ நாளைக்கே கிளம்புவோம்" என்றேன்.

வானிலை ஆய்வு மையத்தின் ஐந்து நாள் முன்னறிவிப்பில் எச்சரிக்கை எதுவும் இல்லை. லாட்ஜ் இல்லை, முன்பணம் இல்லை. புளியோதரை கட்டிக்கொண்டு காலையில் போய் ராத்திரி திரும்பினோம். அதே தரங்கம்பாடி. ஆனால் தண்ணீர் கலங்கலாக, அலை உயரமாக இருந்தது. அத்தை கிட்டத்தில்கூடப் போகவில்லை. "அன்னிக்கு நாய்க்குட்டி கணக்கா கால நக்குச்சு. இன்னிக்கு என்னமோ உறுமுதுடா" என்று சொல்லிவிட்டுக் கோட்டைச் சுவர் நிழலில் சின்னப் பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டார். அம்மாவும் மகனும் மதியம் வரைக்கும் என்னென்னவோ பேசினார்கள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பணம் கட்டித் தங்குகிற பயணத்துக்குப் பருவத்தைப் பார்க்கிறோம். ஒருநாள் பயணத்துக்கு முன்னறிவிப்பைப் பார்க்கிறோம். ரயில் டிக்கெட் 60 நாள்களுக்கு முன்பே எடுக்கலாம். ஆனால், எந்த நாளில் புயல் வரும் என்று 60 நாள்களுக்கு முன்பு யாராலும் சொல்ல முடியாது. வானிலை ஆய்வு மையம் வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரங்களில் புயல் உருவாகும் வாய்ப்பு உண்டா என்று வெளியிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோரம் போக நினைப்பவர்கள் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

பெயர் வைத்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் புயலுக்குப் பெயர் வைப்பார்கள். பெயரில்லாத தாழ்வு மண்டலமே ஊரை மூழ்கடிக்கும். மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு என்று அர்த்தம். துறைமுகத்தில் 1, 2-ம் எண் கூண்டு ஏற்றினால் புயல் தூரத்தில் இருக்கிறது. 5-க்கு மேல் போனால் துறைமுகத்துக்கே ஆபத்து. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். நாங்கள் ஆரஞ்சு பார்த்தாலே பையைப் பிரித்து வைத்துவிடுவோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டும் போனில் பதிந்திருக்கின்றன.

நல்ல பருவத்திலும் ஒன்று மட்டும் மாறாது. இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்கக் கூடாது. உள்ளே இழுக்கிற நீரோட்டம் அங்கேதான் இருக்கும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனபோது புயல் எதுவும் இல்லை. 'கடல் கொந்தளிக்கும்' என்ற எச்சரிக்கை மட்டும் இருந்தது. எங்களைப் போல ஏரியும் கிணறும் பார்த்து வளர்ந்தவர்கள், இறங்குவதற்கு முன் அங்கிருக்கும் மீனவர் ஒருவரைக் கேட்டுவிடுவது உத்தமம்.

இந்த வருஷக் காலாண்டு விடுமுறைக்கு ராமேஸ்வரம் என்று குரூப்பில் பேச்சு நடக்கிறது. தம்பி இந்தத் தடவை லீவே செப்டம்பரில்தான் கேட்டிருக்கிறார்.