நிரைக்கு நிரை

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த காலத்தில், எனது தந்தையார் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலுள்ள மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். ஆண்டிறுதியில் பேரேட்டைச் சரிபார்க்கும்போது ஒரு வரியின் கீழே அடிமட்டத்தை வைப்பார். அவ்வரி முடிந்த பின்னரே அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். ஏன் இத்துணை தாமதம் என ஒருமுறை கேட்டேன். "ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு ஆள் நிக்கிறார், தம்பி" என்றார்.

பிற்காலத்தில் தரவுத்தளங்களைக் கையாளும் தொழிலுக்கு வந்து 'கேர்சர்' என்பதைக் கற்றபோது, அந்த அடிமட்டமே என் நினைவுக்கு வந்தது. 1970 ஆம் ஆண்டில் எட்கர் கொட் வகுத்த உறவுமுறை மாதிரி, அட்டவணையை ஒரு தொடையாகவே நோக்குகின்றது. ஒரே கட்டளை எல்லா நிரைகளையும் மாற்றிவிடும். கேர்சரோ ஒரு நிரையை எடுத்து, அதற்குரியதைச் செய்து, பின்னரே அடுத்ததை எடுக்கும். பெரிய அட்டவணையை முழுவதாக நினைவகத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்பது அதன் நன்மை. வேலை பன்மடங்கு தாமதமாகும் என்பது அதன் குறை. ஆதலால் இயன்றவரை அதனைத் தவிர்க்குமாறு எமக்குக் கற்பிக்கப்பட்டது.

நான் பணிபுரிந்த நிறுவனத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் வாடிக்கையாளரின் முழுப்பெயர்களை, சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என இரு நிரல்களாகப் பிரிக்க வேண்டியிருந்தது. முதற்சொல் சொந்தப் பெயர், இறுதிச்சொல் குடும்பப் பெயர் என ஒரே கட்டளை எழுதினேன். சில விநாடிகளில் வேலை முடிந்தது. தந்தை பெயரை முன்னே எழுதும் எமது வழக்கத்தை, தமிழனாகிய நானே மறந்தேன்.

அடுத்த மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மையார் கடிதத்துடன் வந்தார். "இது என்ரை பேரில்லைத் தம்பி, ஐயாவின்ரை பேர். 83 கலவரத்திலை அவர் மோசம் போயிட்டார். அவங்களும் இந்தப் பேரைச் சொல்லித்தான் கதவைத் தட்டினவங்கள்."

1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் ஏந்தித் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றோர் இருந்தனர் என்பது வரலாறு. அவர்களும் நிரைக்கு நிரையாகவே வாசித்தனர். எனவே, ஒவ்வொன்றாக நோக்குவது தன்னளவில் அறமாகிவிடாது. எதற்காக நோக்குகின்றோம் என்பதே கேள்வி.

பழைய பிரதியை மீட்டெடுத்தோம். விண்ணப்பத்தில் தந்தை பெயர் தனியே பதியப்பட்டு, ஐயமின்றிப் பொருந்திய பெயர்களைக் கட்டளையாலேயே திருத்தினோம். எஞ்சியவை சில ஆயிரம். அவற்றைக் கேர்சர் ஒவ்வொன்றாக எடுத்து எம் முன் வைக்க, விண்ணப்பப் படிவத்தோடு ஒப்பிட்டோம். அதன் பின்னும் ஐயம் இருப்பின், உரியவரிடமே கேட்டறிந்தோம். மூன்று வாரங்கள் சென்றன.

அம்மையாருக்கு, அவரது பெயரிலேயே புதிய கடிதம் சென்றது. அதனை அஞ்சலில் இடுமுன், தந்தையாரைப் போல வரியின் கீழ் அடிமட்டம் வைத்து ஒருமுறை வாசித்தேன்.