கொல்லிமலையிற் கண்ட பூவாச் செடிகள்

சென்ற ஆடித் திங்களில் எம் கல்லூரித் தாவரநூல் வகுப்பினர் கொல்லிமலைக்குச் செல்ல ஏற்பாடு செய்திருந்தனர். வண்டியில் ஓரிடம் எஞ்சியிருந்தமையால், தமிழ் ஆனர்ஸ் வகுப்பினனாகிய யானும் உடன்செல்ல இசைவு பெற்றேன். உண்மையைக் கூறுமிடத்து, செடிகொடிகளின்பால் எனக்கு அப்பொழுது பற்று இருந்ததில்லை. வல்வில் ஓரி ஆண்ட மலையைக் கண்ணாற் காண வேண்டுமென்பது என் நோக்கம். மற்றொரு நோக்கத்தை என் பாட்டியார் தந்தார். முழங்கால் வலியால் நெடுநாளாக வருந்தும் அவர், புறப்படும்போது நூறு ரூபாயை என் கையில் வைத்து, "கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்பார்களாம். மறவாமல் வாங்கி வா, ராசா" என்றார். இவ்விரு நோக்கங்களோடு சென்ற யான் மூன்றாவதொன்றையும் சுமந்து திரும்பினேன். அதனையே ஈண்டு எழுதலுற்றேன்.

நாமக்கல் மாவட்டத்தின்கண் உள்ள கொல்லிமலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சோளக்காடு என்னும் ஊரை அடையலாம். வளைவுகள் ஏற ஏற வெப்பம் தணிந்தது. பாதையோரப் பாறைகள் பசுமை போர்த்தன. திடீரென மாணவர் பலர் ஒரே குரலில் வண்டியை நிறுத்துமாறு கூவினர். கரடியோ வேறு விலங்கோ தென்பட்டது போலும் என்று யானும் எட்டிப் பார்த்தேன். அவர்கள் சுட்டியது ஈரப் பாறையின் வெடிப்பிலிருந்து தொங்கிய ஒரு சிறு செடியை! அதன் இலை கத்தரித்த பச்சைத் தாள்போலப் பிளவுபட்டிருந்தது. பூவும் இல்லை, காயும் இல்லை. "பூவாது காயாது நிற்கும் இப்பெரணிக்காகவா வண்டியை நிறுத்தினீர்கள்?" என்று நகைத்தேன். என் நண்பன் மறுமொழி கூறாது இறங்கிச் சென்று, வேறொரு பெரணியின் இலையைப் பறித்து வந்து, அதன் அடிப்புறம் என் புறங்கையிற் படுமாறு வைத்து அழுத்தி எடுத்தான். வெள்ளிப் பொடியால் எழுதிய ஓவியம்போல் அவ்விலையின் வடிவம் கையிற் பதிந்திருந்தது. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து நம் மலைகளிற் பரவிய இனம் அஃது என்றான். வெளிக்கு நகைத்தேனாயினும், அப்பதிவை அன்று மாலைவரை யான் கழுவவில்லை.

மறுநாட் காலை, அறப்பளீசுவரர் கோயிலை அடுத்துள்ள ஆகாயகங்கை அருவிக்கு இறங்கினோம். படிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. ஐயாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து வீழும் அப்பள்ளத்தாக்கில் நீர்த்திவலை புகைபோற் பரந்து, பாறை, வேர், மரப்பட்டை அனைத்தையும் நனைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பேராசிரியர் ஒரு படியில் அமர்ந்து, பெரணி இலை ஒன்றைப் புரட்டிக் காட்டினார். அடிப்புறத்தில் பழுப்புநிறப் புள்ளிகள் வரிசை வரிசையாக நின்றன. "அறியாதார் இவற்றைப் பூச்சியின் முட்டை என்பர். ஆயின் இச்செடியின் வருங்காலம் முழுவதும் இப்புள்ளிகளில் அடங்கியிருக்கின்றது" என்றார்.

ஒவ்வொரு புள்ளியும் நுண்ணிய பைகளின் தொகுதி. அப்பைகள் உலர்ந்து வெடிக்கும்போது ஸ்போர் எனப்படும் துகள்கள் காற்றிற் பறக்கின்றன. துகள் ஈரநிலத்தில் விழுந்தவுடன் பெரணியாக முளைத்துவிடுவதில்லை. முதலில், விரல் நகத்தினும் சிறிய பச்சைத் தகடொன்று இதய வடிவிற் தோன்றுகின்றது. ஆணணுவும் பெண்ணணுவும் உண்டாவது அத்தகட்டிலேயே. ஆணணு பெண்ணணுவை நீந்தியே சென்றடைய வேண்டும். மழைநீரோ பனிநீரோ அத்தகட்டை நனைத்தாலன்றி அப்பயணம் நிகழாது. இரண்டும் கூடிய பின்னரே நாம் காணும் பெரணி எழுகின்றது. இவ்விரு தலைமுறைகளும் மாறி மாறி வரும் முறையை 1851-இல் நூலெழுதி நிறுவியவர் ஜெர்மனி நாட்டு ஹோப்மைஸ்டர். அவர் பல்கலைக்கழகத்தில் தாவரநூல் பயின்றவரல்லர். லைப்சிக் நகரில் தந்தையாரின் புத்தக, இசைநூல் வாணிகத்தில் உழைத்துக்கொண்டே, உருப்பெருக்கியின் துணையால் தாமே கற்றவர். இதனைக் கேட்டபோது, தாவரநூல் எனக்கு உரியதன்று என விலகி நின்ற என் மனம் சிறிது நாணிற்று.

பெரணிகள் மலையை நாடும் காரணமும் அங்கே விளங்கிற்று. உலகில் பெரணிகளும், அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் பூவாச் செடிகளும் ஏறக்குறைய 12,000 இனங்கள். வெப்பநாட்டு மலைகளின் அடிவாரத்தில் வெப்பம் மிகுதி. கொடுமுடியிற் குளிர் மிகுதி. முகில் தவழ்ந்து ஈரம் நீங்காதிருக்கும் இடைப்பகுதியே அவற்றிற் பலவற்றிற்கு உகந்த வீடு. போர்னியோத் தீவிலுள்ள கினபாலு என்னும் ஒரு மலையில் மட்டும் 600-க்கு மேற்பட்ட இனங்கள் காணப்பட்டுள்ளன. ஐரோப்பாக் கண்டம் முழுவதையும் கூட்டினும் 200-ஐ எட்டவில்லை! நம் கொல்லிமலை அத்துணை உயரமும் மழையும் உடையதன்று. ஏறக்குறைய 1,300 மீட்டரே அதன் உயரம். ஆதலின் பெரணிகள் இங்கு மலை முழுதும் பரவாமல், பெரும்பாலும் ஓடைக்கரையிலும் சோலை நிழலிலும் அருவிப் பள்ளத்தாக்கிலும் ஒதுங்கி வாழ்கின்றன. "நிழலை வெட்டினால் நீர்த்துளி காயும், நீர்த்துளி காய்ந்தால் அந்தச் சிறு தகடு சாகும். பெரிய செடியை ஒருவரும் தொடாமலே அதன் சந்ததி அற்றுப்போகும்" என்று பேராசிரியர் கூறியதை யான் குறித்துக்கொண்டேன்.

அருகே ஒரு பாறையில் பசும்பட்டு விரித்தாற்போல் வேறொன்று படர்ந்திருந்தது. "இது பாசி" என்றேன், நானும் ஏதேனும் கூற வேண்டுமே என்று. "அன்று, இது செலாஜினெல்லா" என்றார் பேராசிரியர். இதன் சுற்றத்தை ஆங்கிலேயர் கிளப் மாஸ் என்பர். ஸ்போர் தாங்கும் தலை கதாயுதம்போல் நிற்றலால் வந்த பெயர் அஃது. பாசி என்னும் சொல் அப்பெயரில் இருப்பினும் இவை பாசியல்ல. நீர் செல்லும் நரம்புகள் இவற்றின் உடலில் உள. பாசியல்ல என்றால் பெரணியின் உடன்பிறப்போ எனின், அதுவும் அன்று. 2001-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியொன்று, பெரணிகள் இவற்றைக் காட்டிலும் பூக்கும் செடிகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டிற்று. இவ்வினத்தின் பழைய உறவினர் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் 100 அடி உயர மரங்களாகக் காடு நிறைந்து நின்றனர். அக்காடுகள் புதைந்தமையாலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் உண்டாயின. அத்தகைய பெருங்குடியிற் பிறந்தது, என் காலடியில் விரலளவு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது! யான் மெல்லக் காலை விலக்கிக்கொண்டேன்.

படியேறுங்கால் பேராசிரியர் என்னை நோக்கி, "தம்பி, நீ தமிழ் மாணவன் அல்லவா? குறிஞ்சிப்பாட்டில் எத்தனை மலர்கள் கூறப்படுகின்றன?" என்று வினவினார். எனக்கு உரிய வினா வந்ததென மகிழ்ந்து, "தொண்ணூற்றொன்பது, ஐயா" என்றேன். "குறிஞ்சி நிலத்தின் செடிகளை அவ்வளவு நுணுகிக் கண்ட கபிலர் பெரணியைக் கண்டிருக்க மாட்டாரா?" என்றார். யான் விடை கூற இயலாது நின்றேன். கபிலர்மேற் குற்றம் ஏதுமில்லை. அவர் எண்ணியது தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களை. பூவாத செடிக்கு அப்பட்டியலில் இடம் எங்ஙனம் கிடைக்கும்? ஆயினும் அவ்வினா முள்போல் என்னுள் தங்கிற்று. பூவைக் கொண்டே செடியை மதிக்கும் வழக்கம் என்னிடமும் இருந்ததன்றோ? முதல்நாள் யான் நகைத்த நகைப்பு அவ்வழக்கத்தினின்று பிறந்ததே.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் சோளக்காட்டில் இறங்கினோம். பலாவும் வாழையும் மிளகும் விற்கும் கடைகளினிடையே, மலைவாழ் மூதாட்டியொருத்தி முடவாட்டுக்கால் குவித்து வைத்திருந்தாள். செம்பழுப்பு மயிரடர்ந்து, விரலினும் பருத்து, உண்மையிலேயே ஆட்டின் காலை ஒத்திருந்தது. முடவர்க்கு உதவும் ஆட்டுக்காலோ, முடவனையும் ஆட்டுவிக்கும் காலோ என்று சொல்லாராய்ச்சியில் இறங்கி, மகிழ்ச்சியோடு இரண்டு கிழங்குகளை வாங்கினேன். அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்த பேராசிரியர், "இது கிழங்கன்று, பெரணியின் தண்டு" என்றார். யான் திகைத்தேன். மூன்று நாளாக எந்தச் செடியை நகைத்தேனோ, பின் வியந்தேனோ, அதனையே பாட்டியாரின் பொருட்டு விலைகொடுத்து வாங்கியிருந்தேன்!

அதன் பெயர் திரைனேரியா. மரத்தின்மேலும் பாறையின்மேலும் ஊர்ந்து வளர்வது. அதற்கு இருவகை இலைகள் உண்டு. பசிய நீண்ட இலை உணவு சமைக்கும். அகன்ற சிற்றிலையோ விரைவிற் பழுப்பேறித் தண்டை அணைத்து நின்று, மேலிருந்து விழும் சருகுகளைத் தாங்கி மக்கச் செய்யும். மண்ணில்லாத இடத்தில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே ஈட்டிக்கொள்ளும் செடி அது. இலையைப் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். தண்டையே பெயர்த்தெடுத்தால் துளிர்ப்பதற்கு என்ன எஞ்சும்? "எங்கிருந்து எடுத்து வருகிறீர்கள், ஆயா?" என்று கேட்டேன். "முன்னெல்லாம் வீட்டுக்குப் பின்னால் பாறையிலேயே கிடந்தது, தம்பி. இப்போது நெடுந்தூரம் நடக்க வேண்டும்" என்றாள் அம்மூதாட்டி. அவளைக் குறைகூற எனக்கு வாய் எழவில்லை. அவள் விற்பது அன்றைய உணவுக்கு. வாங்குவோர் வண்டியேறி வரும் என்போன்றோர்.

கல்லூரிக்குத் திரும்பியபின் நூல்நிலையத்திற் சில நாட்கள் கழித்தேன். நிகண்டுகளின் மரப்பெயர்த் தொகுதியிற் தேடினேன். இவ்வினம் முழுவதற்கும் உரியதெனத் துணிந்து சொல்லத்தக்க பழம்பெயர் எனக்கு அகப்படவில்லை. இன்று நாம் பெரணி என்கின்றோம். ஈழநாட்டார் பன்னம் என்பர். ஆயின் இம்மலைச் செடிகளைத் தேடித் தேடி எழுதியோர் பலர் உளர் என்பதை அறிந்தேன். வனத்துறை அதிகாரியாயிருந்த பெடோம் என்பார், தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிப் படங்களோடு 1863 முதல் நூல் வெளியிட்டார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கம் அடிகளார் பழனிமலைப் பெரணிகளைப் பற்றி 1986-இல் ஒரு நூலும், இருதயராஜ் என்பாருடன் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணியினங்களைப் பற்றி 1992-இல் மற்றொரு நூலும் எழுதினார். இவர்களுக்கு முன்னரே, 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் ஐயர், இறைப்பணியினூடே செடிகளைத் திரட்டி ஐரோப்பியப் புலவர்க்கு அனுப்பினார். அவரே தமிழ் – ஆங்கில அகராதி ஒன்றும் தொகுத்தார் என்பதைக் கண்டபோது என் உள்ளம் பூரித்தது. சொல்லையும் செடியையும் திரட்டிய கை ஒன்றே! இரண்டும் வெவ்வேறு துறை என்று எண்ணியது என் சிறுமையே. லீபனோனின் கேதுருமுதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புவரை சாலொமோன் ஞானி பேசினார் என்று வேதம் கூறுகின்றது. கேதுருவைப் பாடுவார் பலர். சுவரிற் முளைப்பதையும் பொருட்படுத்துவதே ஞானம் போலும்.

நண்பர்களே, யான் கற்றது சிறிது. பெயர் அறியாத பொருளை நாம் காண்பதில்லை. காணாத பொருள் அழியும்போது வருந்துவதுமில்லை. முடவாட்டுக்காலைக் கிழங்கென்று எண்ணியவரை, அதனை மலை தந்துகொண்டேயிருக்கும் என்று நம்பினேன். பெரணியென்று அறிந்தபின், அங்ஙனம் நம்ப இயலவில்லை.

வாங்கி வந்த இரண்டனுள் ஒன்றை அன்னையார் சூப்பாக்கிக் கொடுக்க, பாட்டியார் மூன்று நாள் பருகினார். நான்காம் நாள் வழக்கம்போல் தைலக்குப்பியைக் கேட்டார். மற்றொன்றின் நுனியில் மொட்டுப்போன்ற பகுதி உலராது இருந்தது. பேராசிரியர் கூறியபடி அதனைத் தேங்காய்நாரோடு சேர்த்து வீட்டின் பின்புற மாமரத்தில் கட்டினேன். ஐப்பசி மழைக்குப் பிறகு, குழந்தையின் மூடிய கைபோலச் சுருண்ட தளிரொன்று அதனின்று எழுந்தது. பாட்டியாரை அழைத்துக் காட்டினேன். கைத்தடியை ஊன்றி நின்று நெடுநேரம் நோக்கிய அவர், "நான் குடித்தது இதையா?" என்று கேட்டார். ஆம் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்து, "இதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" என்றார். அன்றுமுதல் அது அவருடைய பணியாயிற்று.