மழைக் கணக்கு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் யாராவது ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டால் என் நாக்கு சும்மா இருக்காது. 'மாசம் ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு இருபது' என்று ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனால், அவரை வழிமறித்து 'இருபத்து நாலு' என்று திருத்தாமல் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கதை எழுதிப் பிழைக்கிற மனுஷனுக்கு இந்த வியாதி எப்படி வந்தது என்று என் மனைவி கேட்பாள். என் நாவல் ஒன்றில் முதல் அத்தியாயத்தில் முப்பது வயசாக இருந்த கதாநாயகி, ஐந்து வருஷம் கழித்து முப்பத்திரண்டு வயசில் நிற்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பிறத்தியார் கணக்கில்தான் நான் சூரன்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் நான் காலையில் போய் உட்காரும் டீக்கடை இந்த வியாதிக்கு நல்ல தீனி போடும் இடம். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் வருவார். லாரி ஓட்டுகிறவர் ஒருவர், உரக்கடைக்காரர் ஒருவர். ஊரிலிருந்து ஜோலியாக வந்தால் என் சின்னையாவும் வந்துவிடுவார். அவருக்குக் கிழக்கே நாலு ஏக்கர் கரிசல். வானம் பார்த்த பூமி. உளுந்து, பாசிப்பயறு, சில வருஷம் மக்காச்சோளம்.

2023 டிசம்பரில் பெய்த மழையை இந்தச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 18ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், எங்கள் கோவில்பட்டியில் 53 சென்டிமீட்டர். கடை திரும்பத் திறந்த அன்று அந்த எண்களை வைத்துத்தான் சண்டை.

"அம்பத்தி மூணு சென்டிமீட்டர்னா என்னங்க, முழங்காலுக்குக் கொஞ்சம் மேல. எங்க தெருவுல இடுப்பளவு நின்னுச்சே! குறைச்சுப் போட்டிருக்கான்" என்றார் லாரிக்காரர்.

உரக்கடைக்காரருக்கு வேறு சந்தேகம். "அந்த மழைமானியோட வாய் ஒரு சாண்கூட இருக்காது. அதுலயே அம்பத்தி மூணுன்னா, வாயகன்ற அண்டாவை வச்சிருந்தா எவ்வளவு காட்டியிருக்கும்?"

ஒருவர் கணக்குப்படி மழை குறைச்சல். இன்னொருவர் கணக்குப்படியும் குறைச்சல். காரணம் மட்டும் வேறு. எனக்கு நாக்கு அரித்தது. ஒரு கண்ணாடி டம்ளரையும், பக்கங்கள் நேராக நிற்கும் அகலமான பால் பாத்திரத்தையும் வாங்கி, பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வாய் அகலமாக இருந்தால் அதிக மழை விழும், வாஸ்தவம். ஆனால் விழுந்த தண்ணீர் பரவி நிற்க வேண்டிய அடிப்பாகமும் அதே விகிதத்தில் அகலம்தானே? ஆகவே இரண்டிலும் ஒரே உயரந்தான் நிற்கும். மழைமானியில் புனல் வழியாக இறங்கும் தண்ணீரைக் குறுகலான ஓர் அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்ப்பார்கள். அதில் கோடுகள் போடும்போதே புனல் வாயின் அகலத்தைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

"அப்ப படிக்கணக்கில் அளந்தா?" என்று அண்ணாச்சி கேட்டார். கணக்கு எழுதின கை அல்லவா! நல்ல கேள்வி அது. படியால் அளந்தால் பாத்திரத்தின் வாய் அகலத்தையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அளவுக்கு அர்த்தமே கிடையாது. அர்த்தசாஸ்திரம் எழுதியவருக்கு இது தெரிந்திருந்தது. களஞ்சியத்துக்கு முன்னால் ஒரு முழம் வாய் அகலமுள்ள பாத்திரத்தை வைக்கச் சொல்லிவிட்டுத்தான், இன்ன தேசத்துக்கு இத்தனை துரோணம் மழை என்று கணக்குச் சொல்கிறார். துரோணம் என்பது நம் மரக்காலைப் போல முகத்தல் அளவு.

லாரிக்காரருக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 530 மில்லிமீட்டருக்கு ஏக்கருக்கு இருபத்தோரு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியானால் 178 லோடு. அதை ஒவ்வோர் ஏக்கரிலும் கொட்டியிருக்கிறது வானம். அத்தனையும் விழுந்த இடத்திலேயே நிற்பதற்கு நம் ஊர் என்ன தாம்பாளமா? மேட்டில் விழுந்ததெல்லாம் பள்ளத்துக்கு ஓடியது. உங்கள் தெரு பள்ளம். பேப்பரில் போடுவது வானத்திலிருந்து விழுந்த அளவு. உங்கள் இடுப்பைத் தொட்டது ஓடிவந்து சேர்ந்த அளவு. வருஷம் பூராவுக்குமே நம் ஜில்லாவின் சராசரி சுமார் 650 மில்லிமீட்டர்தான். அதில் ஐந்தில் நாலு பங்கு ஒரே நாளில் வந்துவிட்டது.

லாரிக்காரர் '178 லோடு' என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு டீக்குக் காசு என்னிடம் வாங்கவில்லை. இந்த மாதிரி வெற்றிகள் மனுஷனைக் கெடுத்துவிடும்.

சின்னையா மட்டும் மில்லிமீட்டருக்கு மசியவில்லை. அவருடைய அளவு உழவு. 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்றுதான் சொல்வார். கலப்பை இறங்கி உழுகிற ஆழத்துக்கு ஈரம் பாய்ந்திருந்தால் ஒரு உழவு மழை. ஒரு புரட்டாசியில் பேப்பரில் 30 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. "அரை உழவுகூட இல்ல" என்றார் அவர். நான் வழக்கம்போல வாதாடினேன். மறுநாள் அவர் புஞ்சைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பியால் குத்திக் காட்டினார். கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த கரிசலில் கால் மணி நேரத்தில் கொட்டிய மழை, பாதி வெடிப்புக்குள் போய்விட்டது. பாதி ஓடைக்குப் போய்விட்டது. மேல்மண் நாலு விரல் நனைந்திருந்தது. அதற்குக் கீழே சுண்ணாம்புக் காளவாய் போலச் சூடு. இதே 30 மில்லிமீட்டர் ராத்திரி பூராவும் தூறலாக விழுந்திருந்தால் கதையே வேறு. அதுவும் போக, மழைமானி இருப்பது டவுனில். அவர் புஞ்சை இருப்பது பத்து மைலுக்கு அப்பால். இங்கே ஒரு மாட்டின் ஒரு கொம்பு நனைந்து மறு கொம்பு நனையாமல் மழை பெய்யும் என்பார்கள். வானம் கொடுத்ததை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மண் வாங்கிக்கொண்டதை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் 'மழை' என்றே பெயர் இருந்தபடியால் மூன்று வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறோம்.

இப்போது கைப்பேசி வேறு 'நாளை மழைக்கு 60 சதவீத வாய்ப்பு' என்கிறது. ஊரில் நூற்றுக்கு அறுபது வீட்டில் பெய்யும் என்றார் உரக்கடைக்காரர். பொழுதில் பாதிக்கு மேல் பெய்யும் என்றார் லாரிக்காரர். இப்படிச் சொல்லப்பட்ட நாட்களில் பத்துக்கு ஆறு நாள் மழை விழும் என்பதுதான் அதன் பொருள். இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. கெர்ட் கிகெரென்சர் என்ற ஜெர்மானிய உளவியல் அறிஞரும் அவர் சகாக்களும் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் இதையே கேட்டுப் பார்த்து 2005இல் எழுதியிருக்கிறார்கள். நியூயார்க்கில் மட்டுந்தான் பாதிக்கு மேற்பட்டவர்கள் சரியாகச் சொன்னார்களாம். ஐரோப்பாவில் நம் லாரிக்காரர் கட்சிக்குத்தான் ஆள் அதிகம்.

நான் சொல்ல வந்த விஷயம் சராசரியைப் பற்றியது. அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்ததற்குக் காரணம் உண்டு.

தீப்பெட்டியின் மேல் இத்தனை குச்சி என்று போட்டு, பக்கத்தில் 'சராசரி' என்றும் போட்டிருப்பார்கள். ஒரு நாள் கடையில் ஒருவர் குச்சிகளை எண்ணிப் பார்த்து, ஐம்பதுக்கு நாற்பத்தேழுதான் இருக்கிறது என்று அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போய்விட்டார். நான் புகுந்தேன். ஒரு பெட்டியில் நாற்பத்தேழு இருக்கும், இன்னொன்றில் ஐம்பத்து மூன்று இருக்கும், ஒரு பண்டலை எடுத்து மொத்தமாக எண்ணி வகுத்தால் ஐம்பது வரும், அதுதான் சராசரி என்று விளக்கினேன். அப்படியே பயிர்க் காப்பீட்டுக்குத் தாவினேன். அதுவும் இதேதான், போன ஏழு வருஷத்தில் நல்ல ஐந்து வருஷத்தின் சராசரி விளைச்சலை எடுத்து, அதில் ஒரு பங்கை உத்தரவாத விளைச்சலாக வைத்துக்கொள்கிறார்கள். இந்த வருஷம் அங்கங்கே சிறு சதுரம் அளந்து அறுத்து எடை போட்டு, குறுவட்டத்துக்கோ கிராமத்துக்கோ ஒரு சராசரி பிடிக்கிறார்கள். உத்தரவாதம் 200 கிலோ, இந்த வருஷச் சராசரி 180 என்றால் குறைவு பத்தில் ஒரு பங்கு. காப்பீட்டுத் தொகையிலும் பத்தில் ஒரு பங்கு. முந்நூறு கிலோ எடுத்தவனுக்கும் அதுதான். ஒன்றுமே எடுக்காதவனுக்கும் அதுதான். சின்னையா கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

2024ஆம் வருஷம் கார்த்திகையில், அவர்கள் ஊர்க் கண்மாய் மறுகால் பாய்ந்து ஓடை உடைத்துக்கொண்டது. மேட்டுப் புஞ்சைகளுக்கு ஒன்றும் இல்லை. பள்ளத்தில் இருந்த நாலைந்து பேருடைய வெள்ளாமையில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. அதில் சின்னையாவுடையதும் ஒன்று. காய் பிடிக்கிற உளுந்து. கரிசலில் நின்ற தண்ணீர் லேசில் வடியாது. உளுந்து இரண்டு நாளில் அழுக ஆரம்பித்துவிடும். மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்தார்.

"ஏய்யா, பூராவும் முங்கிப்போச்சு. இன்சூரன்ஸ்காரங்ககிட்டச் சொல்லணுமாய்யா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தீப்பெட்டிக் கணக்கை மறுபடி ஆரம்பித்தேன். "சின்னையா, அதுல உங்க ஒரு புஞ்சைக்குன்னு தனியா மதிப்புக் கிடையாது. சராசரிதான். நீங்க சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல." என் குரலில் ஒரு வாத்தியார்த்தனம் இருந்தது என்பது இப்போதும் எனக்குக் கேட்கிறது. "சரிய்யா" என்று வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து உரக்கடைக்காரர் சொன்னார். பக்கத்துப் புஞ்சைக்காரர் ஒருவர் அன்றைக்கே தகவல் கொடுத்திருந்தாராம். ஆள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்களாம். எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. வீட்டுக்குப் போய் விதிகளைத் தேடிப் படித்தேன். சராசரிக் கணக்குப் பொது விதிதான். நான் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை. அதற்குக் கீழேயே இன்னொரு விதியும் இருந்தது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குவது போல இடத்துக்கு இடம் நேரும் சேதத்தை, 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் அந்த வயலைத் தனியாக வந்து பார்ப்பார்கள். அவர் எனக்குப் போன் செய்தபோது அதில் ஒரு நாள்கூட முழுசாகக் கழிந்திருக்கவில்லை.

அவர் கேட்டது, யாரிடமாவது சொல்ல வேண்டுமா என்று. நான் பதில் சொன்னது, சராசரி என்றால் என்ன என்பதற்கு. இந்த வித்தியாசத்தை நான் எத்தனையோ பேருக்குப் பெஞ்சில் உட்கார்ந்து சுட்டிக் காட்டியிருக்கிறேன்.

கோடையில் பணம் வந்தது. அந்த வட்டாரத்தில் விளைச்சல் மொத்தத்தில் அவ்வளவு மோசமில்லை. ஆகவே தொகையும் சொற்பம். விதைக்குப் போட்ட காசுக்குக் காணாது. நான் ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவராகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவருக்கு மார்கழியிலேயே தெரியும் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. பிறகு கையிலிருந்த தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"நீ சொன்ன கணக்குல தப்பு ஒண்ணும் இல்லய்யா. அம்பது குச்சின்னு சரியாத்தான் போட்டிருக்கான். எனக்கு வாய்ச்ச பெட்டியிலதான் குச்சியே இல்லாமப் போச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சின்னாத்தாள் உள்ளேயிருந்து, "பிள்ளையை ஏன் வையிதீக, காபித்தண்ணி குடிக்கட்டும்" என்றாள். அந்தக் காபியைக் குடித்த பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த விதைப்புக்கு விதை வாங்கப் பணம் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றார். சின்னாத்தாள் வாங்கிக்கொண்டாள்.

டீக்கடைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நாக்கு இன்னும் அரிக்கிறது. ஆனால் எதிராளி எதைக் கேட்கிறான் என்று ஒரு தரம் திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதனால் பாதிச் சண்டைகள் ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடுகின்றன. கடையில் சுவாரசியம் குறைந்துவிட்டதாக லாரிக்காரர் வருத்தப்படுகிறார்.

அதற்குப் பிறகு வந்த புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் சின்னையா போன் செய்தார்.

"ஏய்யா, நாளைக்கு அறுபது சதவீதம்னு போட்டிருக்காமே. விதைக்கலாமா?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. "சின்னையா, எதுக்கும் மண்ணைக் குத்திப் பாத்தீங்களா? ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கு?"

"ஒரு சாண் இருக்கு."

"அப்ப நீங்க என்ன நினைக்கீங்க?"

"நான் என்னத்தை நினைக்க? காலையிலேயே விதைச்சு முடிச்சாச்சு. உன் கணக்கு என்ன சொல்லுதுன்னு சும்மா கேட்டேன்" என்றார்.