வயிற்றைப் பார்த்துச் சொல்

அக்காவின் மகன் கண்ணாடித் தொட்டியில் ஒரு மீன் வளர்க்கிறான். வாங்கி வந்தபோது விரல் நீளம். பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது. நானுஓயாக் குளிருக்கு ஹீட்டரும் போட்டு வளர்த்ததில் மூன்று வருடத்தில் முழங்கை நீளமாகி, திரும்ப இடமில்லாமல் வாலை மடக்கிக்கொண்டு கிடக்கிறது. "பீலிக்குக் கீழ ஆத்துல விட்றவா மாமா?" என்றான். "கொஞ்சம் பொறுடா" என்று சொல்லிவிட்டு, அந்த ஆறு எங்கே போகிறது என்று பார்க்க நானே புறப்பட்டேன்.

இலங்கையில் எல்லாரும் அதை 'டேங்க் கிளீனர்' என்றுதான் சொல்கிறோம். ஊர் தென்னமெரிக்கா. உடம்பெல்லாம் எலும்புத் தகடு போர்த்த, உறிஞ்சும் வாய் கொண்ட கெளிறு.

நுவரெலியாவில் கிரகரி வாவியிலிருந்து வழிகிற தண்ணீர்தான் நானுஓயா ஆறு. வாவி 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் கட்டியது. தூண்டில் போட மீன் இல்லையே என்று வெள்ளைக்காரத் துரைமார் 1880களில் டிரவுட் முட்டைகளைக் கொண்டுவந்து இந்த மலை ஓடைகளில் விட்டார்கள். ஆக, இங்கே வெளியூர் மீனை ஆற்றில் விடுவது என் மருமகன் தொடங்கிய வழக்கமல்ல. 1885இல் ரயிலும் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்தது. கரட் கழுவுகிற இடங்களில் இன்று ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது.

ரதல்லை, கிரேட் வெஸ்டர்ன் என்று ரயில் வளைந்து இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இந்த மீனின் பெயர்க் கதையை நினைத்துக்கொண்டேன். 1758இல் லின்னேயஸ் இந்தக் குடும்பத்து மீன் ஒன்றுக்குப் பெயர் வைத்தபோது, தகட்டைப் பார்த்து ஏமாந்து, அதை ஸ்டர்ஜன் மீனின் பேரினத்தில் சேர்த்துவிட்டார். பெயர் வைப்பவர்களின் முதல் தவறே இப்படிப் பெரியது. இன்று இந்தக் குடும்பத்தில் சுமார் ஆயிரம் இனங்கள் உண்டு. இன்னும் புதிது புதிதாக வருகின்றன. ஒன்றைப் புதிது என்று சொல்ல, சாராயத்தில் ஊறிய உடல்களை மேசையில் கிடத்தி, பக்கவாட்டுத் தகடுகளை எண்ணி, பற்களை எண்ணி, முதுகுச் செட்டையின் கதிர்களை எண்ணி, கண்ணுக்கும் மூக்குக்கும் இடைத்தூரத்தை அளவுகோலால் அளந்து, அவற்றில் ஒன்றை மாதிரி உடலாகத் தேர்ந்து எண்ணிட்டு அருங்காட்சியகத்தில் வைத்து, அச்சில் வெளியிட வேண்டும். வியாபாரம் அதுவரை காத்திருக்காது. 1988இல் ஜெர்மன் மீன்வளர்ப்புச் சஞ்சிகை ஒன்று, பெயரில்லாமல் விற்பனைக்கு வந்த மீன்களுக்கு 'எல்' என்ற எழுத்தோடு இலக்கம் கொடுக்கத் தொடங்கியது. கறுப்பு வெள்ளை வரி போட்ட ஒன்று எல் 46 ஆனது. 1991இல்தான் இஸ்புரூக்கரும் நைசனும் அதற்கு ஹைபான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்துச் செக்ரோலில் இலக்கத்தால் அறியப்பட்டவர்களின் பேரன் நான். இலக்கம் முதலில், பெயர் பிறகு என்பது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை, 2012, 150 மெகாவாட். அணைக்குக் கீழே இருக்கிற சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்கு இப்போது பகலில் குறித்த நேரத்துக்கு மட்டும் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள், நோயாளிக்கு மருந்து அளந்து கொடுப்பதுபோல. எல் 46 வாழ்வது பிரேசிலின் சிங்கு ஆற்றில் ஒரே ஒரு வளைவில். அங்கும் பெலோ மோன்டே அணை வந்து தண்ணீரை வேறு வழிக்குத் திருப்பிவிட்டது. அதன் சொந்தக்காரனான நம் டேங்க் கிளீனருக்கோ அணை என்றால் கொண்டாட்டம். தேங்கிய தண்ணீரில் மூச்சு முட்டினால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே சுவாசிக்கும்.

கொத்மலை நீர்த்தேக்கத்தை பஸ்ஸில் கடந்தேன். தண்ணீர் வற்றினால் மூழ்கிய கடதொர விகாரை தலைகாட்டும், அன்று நிறைந்திருந்தது. கம்பளைக்கு மேலே ஆறு மகாவலியோடு சேர்கிறது. பிறகு பேராதனை, கண்டி.

பொல்கொல்லையில் இறங்கினேன். 1976இல் கட்டிய இந்தத் தடுப்பணை ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு சுரங்கம் வழியாக உக்குவளைக்குப் போய், அம்பன் கங்கையாக வடக்கே திரும்புகிறது. கரையில் ஒரு பெரியவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு குறட்டால் எதையோ நெரித்துக்கொண்டிருந்தார். டேங்க் கிளீனர். செட்டையின் முள்ளும் தகட்டின் சொரசொரப்பும் நூலில் மாட்டினால் மீனை எடுக்க முடியாது. முள்ளை உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வலையை அறுக்க வேண்டும். வாங்குவாரும் இல்லை. ஆண் மீன் கரை மண்ணில் வளை தோண்டி முட்டையைக் காக்கிறது. கரை சரிவது அதனால்தான் என்றார். முதுகுச் செட்டையை விரித்து எண்ணிப் பார்த்தேன்: பன்னிரண்டு கதிர். ஏழு என்றால் ஹைபொஸ்டோமஸ் பேரினம். பத்தோ அதற்கு மேலோ என்றால் டெரிகோப்ளிக்திஸ். அதற்கு மேல் போக வயிற்றைத் திருப்ப வேண்டும். தனித்தனிப் புள்ளி என்றால் பார்டாலிஸ், சிறுத்தை போன்றது என்று அர்த்தம், 1855இல் காஸ்டல்நோ வைத்த பெயர். புள்ளிகள் ஒட்டிப் புழுப்போல நெளிந்தால் டிஸ்ஜங்டிவஸ், 1991இல் வெபர் மதேய்ரா ஆற்று மீன்களைக் கொண்டு பிரித்தது. இலங்கையில் 2008இல் வந்த ஒரு கட்டுரை இந்த மீனை மல்டிராடியாட்டஸ் என்றது. சில வருடம் கழித்து இதே பொல்கொல்லை பற்றி வந்த ஆய்வு பார்டாலிஸ் என்றது. மீன் மட்டும் எந்தப் பெயரிலும் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

"இங்கே முன்பு கல்லில் ஒட்டுகிற சின்ன மீன் நிறைய" என்றார் அவர். கல் பாண்டியா. தாடைக்குக் கீழே ஒரு வட்டத் தட்டால் ஒட்டிக்கொண்டு பாசி மேயும். 1863இல் பிளேக்கர் 'காரா சைலோனென்சிஸ்' என்று எழுதி வைத்த நம் நாட்டு மீன். டேங்க் கிளீனர் செய்வதாகச் சொல்லி விற்கிற வேலையைக் காலங்காலமாகக் கூலியில்லாமல் செய்துவந்தது. வேகமான நீரோட்டத்தில் மட்டுமே வாழும் 'லேபியோ ஃபிஷெரி'யின் கதை இன்னும் மோசம். கண்டிக்குக் கீழே அதன் பாறை ஓட்டங்களை 1985இல் விக்டோரியா அணை மூடிவிட்டது.

ரந்தெனிகலை, ரந்தம்பை, மினிப்பே. அதன்பின் சமவெளி, மகியங்கனை, மன்னம்பிட்டி. ஆறு அகலமாகிச் சோம்பிப் போகிறது. 335 கிலோமீட்டர் முடிந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் உப்பில் கலக்கிறது. அங்கே நின்றபோதுதான் மருமகனுக்கு ஃபோன் செய்தேன். நானுஓயாத் தண்ணீரின் குளிரில் அது செத்தும் போகலாம். ஒரு மழைவெள்ளத்தில் உயிரோடு கொத்மலைக்கு இறங்கினால் பிறகு இவ்வளவு தூரமும் அதற்குத்தான் என்றேன். "சரி, விடல. ஆனா இது எது மாமா, புள்ளியா நெளிவா?"

"வாளியில போட்டுத் திருப்பிப் படமெடுத்து அனுப்பு."

படம் வந்தது. நெஞ்சுப் பக்கம் சுத்தமான புள்ளிகள். வால் பக்கம் போகப் போக இரண்டு மூன்றாக ஒட்டி நெளிகின்றன. கலப்பாக இருக்கும், இந்த இரண்டும் கலந்தவை பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. பதில் எழுதுவதற்குள் இன்னொரு செய்தி: பெரிய நீல ட்ரம் ஒன்று வாங்கி, ஹீட்டரை அதில் மாற்றி, காம்பராவின் மூலையில் வைத்திருக்கிறானாம். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று அக்கா கேட்கிறாளாம்.