மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிச்சவர்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது உங்களைக் குடிக்கச் சொல்ற கட்டுரை இல்லை.

எங்க ஊர் திருச்செங்கோடு பக்கம். 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் ஆரம்பிச்ச புதுப்பாளையம் கொஞ்ச தூரம்தான். 1937 அக்டோபர் 1-ல் அவரோட அரசு சென்னை மாகாணத்தில் முதன்முதலா மதுவிலக்கு கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான். திருச்செங்கோடு, நாமக்கல் எல்லாம் அப்போ அதுக்குள்ளதான் இருந்துச்சு. அப்படிப்பட்ட ஊர்ல, நான் ப்ளஸ் டூ முடிக்கும்வரை அப்பா தினமும் குடிச்சார். நாலு வருஷமா தொடறதில்லை. வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டோம்.

போன லீவுக்கு, இத்தாலியில் டூரின் நகரத்தில் படிக்கிற பெரியப்பா பையன் வந்திருந்தான். பையில் ஒரு பரோலோ. அதே பியட்மாண்ட் பகுதியில் மலைச்சரிவில் விளையற நெபியோலோ திராட்சையில் செய்யற சிவப்பு ஒயின். அறுவடை முடிஞ்சு குறைஞ்சது 38 மாசம் காத்திருக்கணுமாம், அதில் 18 மாசம் மரப்பீப்பாயில்.

பெரியப்பா வீட்டு மொட்டை மாடி. எனக்கு 21 ஆயிடுச்சு, சட்டப்படி தப்பில்லை. ஆனாலும் கை நடுங்குச்சு. அண்ணன் கண்ணாடி டம்ளரில் ரெண்டு விரல் அளவுதான் ஊத்தினான்.

"அவசரப்படாத. முதல்ல சாய்ச்சு நிறத்தைப் பாரு."

அடர் சிவப்பா இருக்கும்னு நினைச்சேன். வெளிறிப்போய், ஓரத்தில் செங்கல் நிறம். சுத்திவிட்டு மோந்து பார்த்தேன். ரோஜா வாசம், அதுக்கு அடியில் லேசா ரோட்டுக்குத் தார் காய்ச்சற வாசம். ஒரு வாய் குடிச்சதும் ஈறெல்லாம் காஞ்சுபோச்சு.

"டானின்," என்றேன், கெமிஸ்ட்ரி நினைப்பில்.

"என்ன கண்ணு பண்ணுது?"

அப்பா. படியேறி வந்ததை நாங்க பார்க்கவே இல்லை.

"வாய் ஒட்டுதுப்பா. நாவப்பழம் தின்ன மாதிரி."

"அதுக்குப் பேரு துவர்ப்பு."

கையை நீட்டினார். குடுத்தேன். டம்ளரை மூக்குக்கிட்ட கொண்டு போனார். எனக்கு மூச்சே நின்னுடுச்சு.

"வாசமாத்தான் இருக்குது," என்றார். "பதினஞ்சு வருசம் குடிச்சேன். ஒருநாளும் மோந்து பார்த்ததில்ல. நாத்தம் தாங்காம மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஊத்திக்குவேன்."

டம்ளரை அண்ணன் கையில் குடுத்துட்டு இறங்கிப் போயிட்டார். நானும் பின்னாடியே போனேன். கீழே பெரியம்மா காபி குடுத்தாங்க. அப்பா மோந்து பார்த்துட்டு, நிதானமா குடிச்சார்.

ஹாஸ்டலில் யாராவது "கண்ணை மூடிட்டு ஒரே மடக்குல அடிடா"ன்னா, எங்க அப்பாவை நினைச்சுக்கோங்க. ருசிக்காகக் குடிக்கறவன் மூக்கைப் பிடிச்சுக்க மாட்டான்.