மலைக்குப் பட்ட கடன்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல்

'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பது பழமொழி. பெரியகுளத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் எங்களுக்குப் பழனி மலைத்தொடர் தூரத்துப் பச்சை அன்று. வாசலில் நின்று பல் துலக்கும்போதே எதிரில் நிற்கும் பச்சை. மழை வருமா வராதா என்பதை நாங்கள் செய்தி கேட்டு அறிவதில்லை. மலையின் தலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தே அறிகிறோம். ஆயினும், அந்த மலைமேல் என்ன இருக்கிறது என்று கேட்டால், எங்கள் தெருவில் பாதிப்பேர் 'கோடைக்கானல் இருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சென்ற ஆண்டு வரை நானும் அந்தப் பாதிப்பேரில் ஒருவனாகத்தான் இருந்தேன்.

சென்ற டிசம்பர் மாத இறுதியில் எங்கள் துறையினர் நான்கு நாள் களப்பயணம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தனர். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக நடந்தே கோடைக்கானல் சேர்வது, அங்கிருந்து பேரிஜம் சென்று சோலைக்காடுகளைக் காண்பது, பிறகு பேருந்தில் இறங்கிவிடுவது என்பது திட்டம். மாணவ மாணவியர் பதினான்கு பேர், பேராசிரியர்கள் இருவர். 2018 மார்ச் 11 அன்று எங்கள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபது பேருக்கு மேல் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதன்பின் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. எனவே வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவருடன், தீ அபாயம் இல்லாத பருவம் பார்த்தே புறப்பட்டோம்.

வனத்துறை அனுமதியைவிட என் வீட்டில் அனுமதி பெறுவதுதான் கடினமாக இருந்தது. என் தந்தை மாந்தோப்புகளில் காவல் காக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் கூலிக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. "காட்டுக்குப் போறதுக்கு எதுக்குடா காலேசு? உன் தாத்தன் காலேசுக்குப் போகாமத்தான் அந்த மலையை வாரத்துக்கு ரெண்டு தடவை ஏறி இறங்குனாரு" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தாத்தா இளமையில் மலைச்சுமை தூக்கியவர். மேலே போகும்போது உப்பு, அரிசி, மண்ணெண்ணெய். கீழே வரும்போது காப்பிக்கொட்டை, மலைவாழைத்தார். "உங்க தாத்தாவுக்கு உச்சந்தலையில முடியே கெடையாது, சும்மாட்டுத் துணி தின்னுருச்சு" என்று அப்பத்தா இன்றும் சொல்வார். கடைசியில் அவர்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாயை என் கையில் வைத்து, "போயிட்டு வரட்டும்டா, தாத்தன் நடந்த தடத்தைப் பாத்துட்டு வரட்டும்" என்று வழக்கை முடித்து வைத்தார்.

நிற்க. பெரியகுளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். பாடத்தில் ஒரு வரியாக இருந்த அது, காலால் ஏறும்போது ஒவ்வொரு மரமாக மாறிக்கொண்டே வந்தது. கும்பக்கரையில் அருவி ஓசையை விட்டு விலகியதும் உசிலையும் வேலமும் முட்புதரும்; சற்று மேலே நெல்லி, வேங்கை, கடுக்காய் மரங்கள். இலையுதிர் காடு முடிந்து காற்றில் ஈரம் தட்டத் தொடங்கிய இடத்தில், நிழல் மரங்களுக்கு அடியில் காப்பிச் செடிகள்.

எங்கள் வழிகாட்டி வெள்ளகவியைச் சேர்ந்த பெரியவர். அறுபது வயதுக்கு மேலிருக்கும். நாங்கள் மூச்சு வாங்கி நின்ற இடங்களில் எல்லாம் அவர் நின்றது எங்களுக்காக மட்டுமே. ஒரு நெல்லி மரத்தடியில், "தம்பி, உங்க புத்தகத்துல இதுக்கு என்ன பேரு போட்டிருக்கு?" என்று கேட்டார். "ஃபில்லாந்தஸ் எம்பிளிகா" என்றேன். "ஒரு நெல்லிக்காய்க்கு இம்புட்டு நீளமாய்யா பேரு!" என்று சிரித்தவர், அதன்பின் வழிநெடுக எங்களுக்கு வாத்தியாராகிவிட்டார். எது காய்ச்சலுக்கு, எது விறகுக்கு, எதைத் தொடவே கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் ஒரு பக்கம் இலத்தீன் பெயரும் மறுபக்கம் அவர் சொன்ன பெயருமாக எழுதிக்கொண்டே வந்தேன்.

இந்த ஒற்றையடிப் பாதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1910களில் வத்தலக்குண்டு பக்கமிருந்து மலைச்சாலை அமையும் வரை, மேலே போக வேண்டிய பெரும்பாலான பொருள்கள் பெரியகுளம் பக்கத்து மலைப்பாதைகளில் மனிதர் தலையிலும் தோளிலுமே ஏறின. பொருள் மட்டுமா? துரைமார்களும் அவர்கள் குடும்பத்தாரும் நாற்காலியிலும் டோலியிலும் சுமக்கப்பட்டே ஏறினார்கள். குளிர் தேடிப் போனவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. வியர்வை சிந்திச் சுமந்தவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் என் கண்ணில் படவில்லை.

பாதையோரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டைப் பாறை இருந்தது. "சுமைகாரங்க இதுலதான் சுமையை இறக்குவாங்க. ஆள் துணை இல்லாம இறக்கவும் செய்யலாம், திரும்பத் தலைக்கு ஏத்தவும் செய்யலாம்" என்றார் பெரியவர். எங்கள் ஊர்ச் சாலையிலும் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் நாட்டு வழக்கம். அந்தப் பாறையில் கை வைத்தேன். தாத்தா இதில் எத்தனை முறை காப்பி மூட்டையை இறக்கினாரோ! வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது பாறை.

மாலையில் வெள்ளகவியை அடைந்தோம். ஊர் எல்லையிலேயே காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். கோயில்களும் வீடுகளும் அடுத்தடுத்து இருக்கும் அந்த ஊரில் யாரும் செருப்பணிந்து நடப்பதில்லை. நண்பர்கள் சிலர் கூசிக் கூசி அடி வைத்தார்கள். இரவல் வாங்கிய இறுக்கமான ஷூவிலிருந்து விடுபட்ட என் பாதங்களோ ஊருக்குத் திரும்பியது போல் மகிழ்ந்தன.

இரவில் கட்டங்காப்பியோடு பெரியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி டோலியில் வந்து நின்றது. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், கம்பில் போர்வையைக் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மலையேறியோ இறங்கியோதான் ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிறார்கள். பெரியவர் இளைஞராக இருந்தபோது அவருடைய தங்கையை அப்படித் தூக்கிப் போனாராம். தலைப்பிரசவம். நல்ல மழை. "நாம பாத்தமே அந்தச் சுமைதாங்கிப் பாறை, அதுகிட்டப் போகையில சத்தம் நின்னுபோச்சு தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

படுத்த பிறகும் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை; வாதம் வந்தது. "இந்தப் பாதை தார்ச்சாலை ஆனால் பின்னாலேயே விடுதிகள் வரும், குப்பை வரும், காடு போய்விடும்" என்றான் ஒரு நண்பன். "உன் அக்கா டோலியில் கிடந்தால் இப்படிப் பேசுவாயா?" என்று சீறினாள் ஒரு மாணவி. இருவரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். "இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒன்று பொய்யாக இருந்தால் இது எளிய கேள்வியாகப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். எனக்கு அன்றிரவு ஒன்று மட்டும் தெளிவாயிற்று. காட்டைக் காக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் அந்த டோலிக் கம்பின் ஒரு முனையைத் தன் தோளில் தாங்கியதாக எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மறுநாள் வட்டக்கானல் நோக்கி ஏற்றம். மேகத்துக்குள் நுழைந்தோம் என்று எழுதினால் அது கற்பனை அன்று; பத்தடி முன்னே சென்றவர் மறைந்துபோனார். மரங்கள் குட்டையாயின, கிளைகளெல்லாம் பாசி போர்த்திக்கொண்டன. இதுதான் சோலை. அட்டைகள் எங்களை அன்போடு வரவேற்றன. உப்பும் புகையிலையும் கட்டிய துணியைப் பெரியவர் கணுக்காலில் தேய்த்துவிட்டார். வட்டக்கானலில் அவர் விடைபெற்றபோது பேராசிரியர்கள் இருவரும் அவரைக் கைகூப்பி வணங்கினார்கள். பட்டம் பெற்றவர்கள் ஒரு சுமைகாரரை வணங்குவதை நான் கண்டது அதுவே முதல் முறை.

கோடைக்கானலில் இரண்டு இரவுகள் தங்கினோம். குளிரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ! நான்காம் நாள் காலை, வனத்துறை அனுமதியுடன் பேரிஜம் சென்றோம். அங்குதான் மலையின் அமைப்பு எனக்கு விளங்கியது. மடிப்புகளில் மட்டும் சோலை, மேடெல்லாம் புல்வெளி. 'மேட்டில் ஏன் மரம் இல்லை?' என்று எவருக்கும் தோன்றும். குளிர்காலத்து உறைபனி திறந்த மேட்டில் சோலைமரக் கன்றுகளைப் பிழைக்க விடுவதில்லை என்பது ஒரு காரணம் என்று பேராசிரியர் விளக்கினார். அந்தப் புல்லும் அதன் அடியிலுள்ள கரிய மண்ணும் மழையைப் பஞ்சுபோல் உள்வாங்கி, மழை நின்ற பின்னும் மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகின்றன. மலையிலிருந்து இறங்கும் நீரைப் பிடித்து வைத்து, இல்லாத மாதங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை அந்தப் புல்வெளிதான்.

"இந்த ஏரித் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா?" என்று கேட்ட பேராசிரியர், என்னைப் பார்த்து, "உங்கள் பெரியகுளத்துக்குத்தான், குடிநீராக" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. பெரியகுளம் பேருந்து நிலையத்தில் நான் எத்தனை முறை குழாயில் வாய் வைத்துக் குடித்திருக்கிறேன்! என் தந்தை வாய்க்கால் வெட்டி மாந்தோப்புக்குப் பாய்ச்சும் தண்ணீரும் இந்த மலையின் ஏதோ ஒரு மடிப்பிலிருந்து இறங்கியதுதானே! காட்டுக்குப் போக எதற்குக் கல்லூரி என்று கேட்டாரே, அதற்கான விடை அந்த ஏரிக்கரையில் கிடைத்தது. தாத்தாவுக்கு மலையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். அந்த மலைக்கும் தன் வீட்டுக் குடத்துக்கும் உள்ள உறவைச் சொல்லித்தர அவருக்கு யாரும் இல்லை. எனக்குச் சொல்லித்தர ஒருவர் இருந்தார். கல்லூரி என்பது அதற்குத்தான்.

ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வந்தது. திரும்பும் வழியில் பைன், வாட்டில், தைலமரத் தோட்டங்களைக் கண்டோம். பார்வைக்கு அடர்ந்த காடு. உள்ளே நுழைந்தால் பைன் மரத்தடியில் ஊசியிலைச் சருகைத் தவிர அதிகம் இல்லை. புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று கருதிய காலத்தில், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கூழுக்கும் நட்டவை இவை. நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில் நடந்த ஆய்வு, புல்வெளியில் தைலமரம் வளர்த்தால் ஓடையில் வரும் நீர் குறைகிறது என்று காட்டியது. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்கிறது. 2013இல் கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. எனினும் தானாகப் பரவும் வாட்டிலுக்கு அறிவிப்பைப் படிக்கத் தெரியாதே!

மாணவ நண்பர்களே! மலைமேல் இருப்பவர்கள் சுமந்தார்கள். மலை நீரைச் சுமந்தது. அடிவாரத்தில் இருக்கும் நாம் குடித்தோம், விளைவித்தோம், வாழ்ந்தோம். இந்தக் கடனை ஒரே நாளில் தீர்க்க முடியாது. வட்டியையாவது கட்டத் தொடங்கலாம். செடி எதையும் பறிக்கக் கூடாது என்பது வனத்துறையின் நிபந்தனை. ஆகவே படமும் குறிப்பும் மட்டும் எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறோம். இலத்தீன் பெயருக்குப் பக்கத்திலேயே வெள்ளகவிப் பெரியவர் சொன்ன பெயரும் பயனும் இருக்கும். ஒரு படி நம் துறை நூலகத்துக்கு, ஒரு படி வெள்ளகவிக்கு. முதலாண்டு மாணவர்கள் வந்து பார்க்கலாம், விட்டுப்போனவற்றைச் சேர்க்கலாம்.

2018இல் குறிஞ்சி பூத்தபோது நான் பள்ளி மாணவன். பேருந்துக் கட்டணத்துக்கு வழியின்றி, செய்தித்தாளில் வந்த படத்தில்தான் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அது மீண்டும் 2030இல் பூக்க வேண்டும். குறிஞ்சி வளர்வது அந்தப் புல்வெளியில்தான். புல்வெளி இருந்தால் பூ இருக்கும். பூ இருக்கும் மலையில் நமக்கு நீரும் இருக்கும். அந்த ஆண்டு என் தந்தையை அழைத்துக்கொண்டு மேலே போவதாக இருக்கிறேன். வெள்ளகவி வழியாகத்தான், நடந்துதான்.